வெர்னா கிராட்சரின் காலடி அளவு

மில்பர்ன் நகரின் மாண்பே! முழங்கால் தேய்ந்தும் முதுகு வளையாத முதல்வியே! மண்ணுக்குள் போனவரையும் மறவாத மனமே! பேஷன்ஸ் விட்லாக் கிளையின் பெருமைமிகு தலைவி, திருமதி வெர்னா கிராட்சர் அவர்களே!

அமெரிக்க விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய முன்னோரின் கால்வழியில் வந்த பெண்கள் கூடி நடத்தும் நம் சங்கத்தின் இந்தக் கிளைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கி இன்று விடைபெறும் உங்களுக்கு, இந்த மடலை அன்போடும் ஆத்திரத்தோடும் படைக்கிறோம். ஆத்திரம் என்ற சொல் பாராட்டு மடலில் வரக்கூடாது என்று எங்களில் சிலர் சொன்னார்கள். வரட்டும் என்று விட்டுவிட்டோம். பின்மேசையில் பன்றி இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்குக் கலவையும் காத்திருப்பது தெரியும். இதை முழுவதும் படித்துவிட்டுத்தான் தட்டை எடுப்போம்.

கடல் கடந்த முகாம்களில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலுறையும் காப்பித்தூளும் கட்டி அனுப்பிய கைகள் உங்கள் கைகள்! மூத்த படைவீரர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற பச்சை வண்டி உங்கள் வண்டி! அதில் பனிக்காலத்தில் சூடு வராது. முணுமுணுத்தவர்களை நீங்கள் சமாதானம் செய்ததில்லை, குளிர் போகப் பாடச் சொல்லிவிடுவீர்கள். புதிதாகக் குடியுரிமை பெற்று நீதிமன்றப் படியிறங்குவோரின் கையைக் குலுக்கி, சிறு கொடியும் கேக்கும் கொடுத்து வரவேற்றவரும் நீங்களே. அந்தக் கேக்கை மட்டும் நீங்கள் சுடாமல் இருந்திருக்கலாம். அதையும் தின்று தாக்குப்பிடித்தவர்கள்தான் இன்று நம் ஊரின் உறுதியான குடிமக்கள்.

ஆயினும் உங்களை ஊர் அறிந்தது கொடியால்தான். மே மாதக் கடைசியில் வரும் படைவீரர் நினைவு நாளுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில், குன்றின் மேலுள்ள கல்லறைத் தோட்டத்தில், படைவீரர் ஒவ்வொருவரின் கல்லுக்கு முன்னும் நாம் ஒரு சிறு கொடி நடுகிறோம். பூட்ஸின் குதிகாலைக் கல்லோடு ஒட்டி வைத்து, அதன் முனை முடியும் இடத்தில் துளையிட்டுக் கொடியை ஊன்ற வேண்டும். அதற்கு அளவுகோல் கிடையாது, அவரவர் காலே அளவு. உங்கள் காலோ சிறுவர் கடையில் பூட்ஸ் வாங்கும் கால்! எனவே எந்தக் கொடி கல்லை நெருங்கி நிற்கிறதோ, அது வெர்னா நட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வம்பு வந்ததும் அந்தச் சின்னக் காலால்தான்.

ரேமண்ட் லுட்விக்கை இங்கே அறியாதவர் இல்லை. வியட்நாமில் போரிட்டவர். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது தாய் படுத்த படுக்கையானார். விடுப்பு முடிந்தும் ரேமண்ட் திரும்பவில்லை. தாயைப் புதைத்துவிட்டு, தாமாகவே முகாமுக்குப் போய் நின்றார். படை அவரைக் கெட்ட பெயரோடு வெளியே அனுப்பியது. பிறகு நம் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தே வாழ்ந்தார், தனியாகவே மறைந்தார். கெட்ட பெயரோடு வெளியேறியவரின் கல்லுக்குக் கொடி கிடையாது என்பது கல்லறைத் தோட்டக் குழுவின் விதி. நீங்கள் ஆண்டுதோறும் நட்டீர்கள். குழுத் தலைவர் கிளென் மோயர் ஆண்டுதோறும் பிடுங்கினார். அவர் இறங்கி வரும் வரை காத்திருந்து நீங்கள் மறுபடி ஏறிப்போய் நட்டீர்கள்.

இந்த வசந்தத்தில் கிளென் மோயர் நம் கூட்டத்துக்கே வந்துவிட்டார். இது யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை, பாப்பா பூட்ஸ் போட்டவர் வேலை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ரேமண்டும் நானும் ஒரே பிரிவு, வெர்னா. அவன் திரும்பி வராத வாரத்துலதான் எங்க ஆளுங்க ரெண்டு பேரு செத்தாங்க. ரெண்டு பேரும் அங்கதான், அவனுக்கு மேல் வரிசையில படுத்திருக்காங்க. அவன் கல்லு முன்னாடியும் அதே கொடியப் பாக்க எனக்கு மனசு ஒப்பல."

அவர் வலியை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொன்னதை இந்த மடலோடு சேர்த்துச் சட்டமிட்டு மாட்டப்போகிறோம்:

"அந்த ரெண்டு பேருக்கும் கொடி நடுறது நான்தான், கிளென். அதே கையாலதான் இவனுக்கும் நடுறேன். என் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஜேக்கப் ஹெஸ், விடுதலைப் போர்ல, கோதுமை வீணாப் போகுதுன்னு முகாமை விட்டு வீட்டுக்கு ஓடியாந்தவன். அறுத்துப் போட்டுட்டுத் திரும்பிப் போய்ச் சண்ட போட்டான். அவன் பேரச் சொல்லித்தான் நான் இந்தச் சங்கத்துல உக்காந்திருக்கேன். ரேமண்டு கொடியப் புடுங்கணும்னா மொதல்ல ஜேக்கப் கொடியப் புடுங்கு. அப்புறம் என்னையும் எந்திரிச்சுப் போகச் சொல்லு."

எங்களில் பாதிப் பேரின் முன்னோரும் அப்படி அறுவடைக்கு ஓடிவந்து திரும்பிப் போனவர்களே. குலப்பெருமை பேசும்போது அந்தப் பகுதியை மட்டும் நாங்கள் விழுங்கிவிடுவது வழக்கம். அன்று அது ஒருவருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

இருந்தும் குழு தன் தீர்ப்பைச் சொன்னது: விதியை மீறி நட்டவர் இனித் தோட்டத்தில் கொடி ஏந்தக்கூடாது. கொடி ஏந்த முடியாத தலைவிக்கு அந்த நாற்காலி எதற்கு என்று கேட்டு நீங்கள் பதவியைத் துறந்தீர்கள். இன்றைய அழைப்பிதழில் முழங்கால் வலி காரணமாக ஓய்வு என்று அச்சாகியிருக்கிறது. உங்கள் முழங்காலின் மேல் இப்படி ஒரு பொய்யைச் சுமத்தியதற்காக நாங்கள் வெட்கப்படுகிறோம். நீங்கள் ஓய்வு பெறவில்லை, வெளியே தள்ளப்பட்டீர்கள் என்பதை இந்த அரங்கில் உரக்கச் சொல்கிறோம்!

அஞ்சா நெஞ்சத்து அன்னையே! பாப்பா பூட்ஸ் அணிந்த படைத்தலைவியே! விடைபெறும் தலைவிக்கு வெள்ளித் தட்டு வழங்குவது நம் மரபு. உங்களுக்குத் தட்டு இல்லை. சென்ற மாதம் உங்கள் வாசலில் கிடந்த பூட்ஸில் ஒன்று காணாமல் போய், மறுநாள் அதே இடத்தில் கிடந்ததே! பக்கத்து வீட்டு நாயை வாய்க்கு வந்தபடி திட்டினீர்களே! அந்த நாய் ஒரு பாவமும் அறியாது. உங்கள் பூட்ஸின் நீளத்துக்கு வாதுமை மரத்துண்டுகள் அறுத்து, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். தோழியரே, கைப்பையைத் திறந்து அவற்றை உயர்த்திக் காட்டுங்கள்!

இன்று காலை குன்றின் மேல் நாங்கள் நட்ட ஒவ்வொரு கொடியும் உங்கள் காலடி அளவிலேயே கல்லை நெருங்கி நிற்கிறது. ஜேக்கப் ஹெஸ்ஸின் எழுத்து தேய்ந்த கல்லுக்கு முன் நிற்கிறது. கிளென் மோயரின் தோழர் இருவருக்கு முன் நிற்கிறது. ரேமண்ட் லுட்விக்குக்கு முன்னும் நிற்கிறது. இந்த அரங்கின் சன்னலைத் திறந்தாலே தெரியும்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய கிளென் மோயர் அவர்களே! உங்கள் விதிப்படி, நட்டவரை விலக்குங்கள். யார் நட்டது என்று காலடியைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். முடியாமல் எங்கள் அனைவரையும் விலக்கினால், அடுத்த ஆண்டு குன்று முழுவதும் நீங்கள் ஒருவரே குனிந்து நட வேண்டியிருக்கும். உங்கள் நாற்காலியின் அடியில் துணியில் சுற்றி ஒரு மரத்துண்டு வைத்திருக்கிறோம். அது உங்களுக்கு. எங்களோடு வந்து நடுவதானால், மேல் வரிசையில் உங்கள் தோழர்களிடமிருந்து தொடங்குங்கள். அடுத்த வரிசைக்கு இறங்கும்போது நாங்கள் உங்களுக்குக் கைகொடுக்கிறோம்.

வெர்னா அவர்களே! உங்கள் முழங்கால்கள் உங்களை இன்னும் பல மே மாதங்கள் அந்தக் குன்றின் மேல் ஏற்றட்டும். அவை மறுக்கும் ஆண்டில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவோம். நீங்கள் கொடி ஏந்தக்கூடாது என்பதுதானே தீர்ப்பு? நீங்கள் உட்கார்ந்து எங்களைத் திட்டலாம், எந்தக் கொடி சாய்ந்திருக்கிறது என்று விரல் நீட்டலாம். நலமோடும் நாவின் கூர்மையோடும் நெடுநாள் வாழுங்கள்!

இந்த மடலை எழுதியவர் யார் என்றும், ரேமண்டின் கொடியை நட்டவர் யார் என்றும் கேட்போருக்கு ஒரே பதிலைக் கீழே கையொப்பமாக இடுகிறோம்.

நாங்கள் எல்லோரும்,
பேஷன்ஸ் விட்லாக் கிளை, மில்பர்ன்.