இரண்டாவது சர்வ்

நான் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. கட்டிங் மாஸ்டரானாலும் சரி, கழிவுத்துணி அள்ளும் அம்மாவானாலும் சரி, 'வாங்க, போங்க'தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். என்னைக் கோபக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவிநாசி ரோட்டில் எனக்கு ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி இருப்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வயதுக்கு மேல்தான் டென்னிஸ் பழகினேன். ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒருவர், ஆடிக்கொண்டே ஆர்டர் பேசுவது சுலபம் என்றார். அவரை ஆறு முறை ஜெயித்திருக்கிறேன். ஆறு முறையும், அவர் கேட்ட விலைக்கு ஆர்டர் கையெழுத்தாவதற்கு முந்தின நாள்தான் ஆடினோம் என்று என் மனைவி சித்ராதேவி சொல்வாள். அவளுக்கு விளையாட்டு தெரியாது.

போன பிப்ரவரியில் எங்கள் கம்பெனி செலவில் இங்கே எங்கள் கிளப்பில் ஒரு தொழில்முறை டென்னிஸ் போட்டி நடந்தது. உலகத் தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகளில் அதுதான் கடைசிப் படி என்று பத்திரிகையில் எழுதினார்கள். அப்படிப்பட்ட போட்டியில், தகுதி பார்க்காமல் ஓரிரண்டு பேரை ஆடவிட ஏற்பாட்டாளர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு வைல்டு கார்டு என்று பெயர். ஆண்கள் இரட்டையர் பிரிவில் அதை எனக்குக் கொடுத்தேன்.

என்னோடு இணைந்து ஆடப் பாண்டித்துரையைக் கேட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, இருபத்துமூன்று வயது. அவர் அம்மா ஒச்சாயி என் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்து, தரவரிசையில் எழுநூறுக்குள் வந்துவிட்டவர். எங்கள் கம்பெனி பெயர் போட்ட பனியனோடுதான் ஊர் ஊராகப் போய் ஆடுவார். ஆகவே மறுக்கவில்லை.

முதல் சுற்றில் ஜெயித்தோம். எதிரணியில் ஒருவருக்குக் கால் பிசகிப் பாதியில் விலகினார்கள் என்பது உண்மைதான். அதற்கு முன்பு அவரை அங்குமிங்கும் ஓட வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் பாண்டித்துரையின் படம் வந்தது. ஓரத்தில் என் முழங்கை இருந்தது. 'பாண்டித்துரை ஜோடி வெற்றி' என்று தலைப்பு. ஜோடி என்பது நான்.

காலிறுதிக்குத் தையல் செக்ஷனுக்கு லீவு விட்டு எல்லோரையும் வேனில் வரவழைத்தேன். ஆளுக்கொரு தொப்பியும் தக்காளிச் சாதப் பொட்டலமும் கொடுத்தோம். ஒச்சாயியை முன்வரிசையில் என் மனைவி பக்கத்திலேயே உட்கார வைத்தேன். எத்தனை முதலாளிகள் அப்படிச் செய்வார்கள்?

ஆட்டம் தொடங்குமுன் பாண்டித்துரை பணிவாகச் சொன்னார்.

"சார், நீங்க சைடு கோட்ட ஒட்டி நின்னுக்கங்க. நடுவுல வர்றத நான் பாத்துக்கிறேன்."

என் செலவில் நடக்கும் போட்டியில், என் பனியனில், எனக்கு ஓரத்தைக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டு "ஆகட்டுங்க தம்பி" என்றேன்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் பின்னால் நின்று சர்வ் போடும்போது, அவருடைய இணை முன்னால் வலையருகில் நிற்பார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். பின்னால் இருப்பவர்மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்று நான் போட்ட பந்துகளில் சில வலையில் விழுந்தன. ஒன்று பாண்டித்துரையின் முதுகில் பட்டது. அதற்குப் பிறகு நான் பந்தைத் தூக்கிப் போடும்போதெல்லாம் அவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் திரும்பியதும் கூட்டம் சிரித்தது. நான் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். சித்ராதேவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

என் முதல் சர்வ் வெளியே போனது. இரண்டாவதும் தவறினால் புள்ளி போய்விடும். இரண்டாவதைப் போடுமுன் பாண்டித்துரை என் அருகில் வந்தார்.

"மெதுவா போட்டாலும் போதும் சார். பயப்படாதீங்க."

அன்பாகத்தான் சொன்னார். நான் அதை மறைக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

பந்தை மேலே தூக்கிப் போட்டேன். வழக்கமாக அந்த நொடியில் கற்றுக்கொண்டதெல்லாம் எனக்கு மறந்துவிடும். அன்று எதுவும் மறக்கவில்லை. அவர் வலப்பக்கமாகத் திரும்பினார். வலது கண் தெரிந்தது. இரண்டாவது சர்வை யாரும் முழு வேகத்தில் அடிப்பதில்லை. நான் அடித்தேன்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததும் நடுவர் "ஃபால்ட்" என்றார். விதிப்படி, தன் இணைமேல் பட்ட சர்வ் தவறு, புள்ளி எதிரணிக்கு. என் வாழ்க்கையிலேயே சிறந்த சர்வ் அது.

கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம்தான் காட்டினேன். அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது என்றார். ஒச்சாயி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மொதலாளி, நீங்க மனசு ஒடைஞ்சு போயிராதீக. தெரிஞ்சா செஞ்சீக?"

அங்கேயே சொல்லியிருப்பேன். அவர் அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சித்ராதேவி வேறு ஆறுதல் சொன்னாள்.

"ஏனுங்க இப்பிடி உக்காந்திருக்கறீங்க? உங்குளுக்குத்தான் குறி வெச்சு அடிக்கவே வராதுங்களே. ஊருக்கே தெரியுமுங்க."

கிளப்பிலும் அதையேதான் சொன்னார்கள். பாண்டித்துரைக்குப் பேக்கிங் செக்ஷனில் உட்கார்ந்து செய்யும் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவரும் என்மேல் ஒரு வருத்தமும் காட்டவில்லை. நேற்று நீங்கள் அவரை விசாரிக்கக் கம்பெனிக்கு வந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார் வேணும்னு அடிக்கல. வேணும்னு அடிச்சிருந்தா என்மேல பட்டிருக்காது" என்றார். நீங்களும் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார்.

இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஒரு மனிதன் செய்ததைச் செய்யவில்லை என்று ஊரே கூடிச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம். அதனால்தான் வக்கீல்கூட வைத்துக்கொள்ளாமல் நானாக வந்தேன். கை தவறிப் பட்டதாக நீங்கள் முடித்ததை மாற்றுங்கள். குறி பார்த்துத்தான் அடித்தேன். குறி தவறவில்லை.

இப்போதும் நம்பாமல்தான் பார்க்கிறீர்கள். கிளப்புக்கு ஜீப்பிலேயே போகலாம், பத்து நிமிடம்தான். பாண்டித்துரையையும் வரச் சொல்லுங்கள். அதே இடத்தில் நின்று, இந்த முறை இடப்பக்கமாகத் திரும்பிப் பார்க்கட்டும்.