ஜெயிலிலிருந்து வந்த வரிகள்

— கையெழுத்துதானே கேக்குறேன் ரஷாட், கிட்னியா கேக்குறேன்?

— யோலண்டா, சத்தியமா புரியாம பேசுற. இன்னும் பத்து நிமிஷத்துல நான் மேடை ஏறணும்.

— ஏறு. ப்ராங்க்ஸ் ஏரியா மொத்தமும் வெளிய உன் பேரைச் சொல்லிக் கத்துது. இதைப் படிச்சுட்டு ஏறு. "பாட்டில் வரும் சொற்கள் ஓடெலுடையவை அல்ல, கற்பனை." ரெண்டு வரி.

— கற்பனையா? ரேடியோவுல நான் என்ன சொல்லியிருக்கேன்? 'ஜெயில்ல இருக்குற என் சிநேகிதன் ஓடெல் அவங்க அக்காவுக்கு எழுதுறான், நான் பாடுறேன், ஒரு எழுத்து சேக்கல'ன்னு. அதுக்குத்தான் ஜனம் வாங்குது. மத்தவனுங்க அம்மா வீட்டுச் சோபாவுல சாஞ்சுக்கிட்டு துப்பாக்கியப் பத்திப் பாடுறானுங்க. நம்மளது நிஜம்.

— அந்த நிஜத்தைத்தான், அவனை முன்னாடியே வெளிய விடலாமான்னு முடிவு பண்ற பரோல் போர்டுல டேப் போட்டுக் கேட்டாங்க. 'கடைக்காரன் முகம் ஞாபகமில்ல, மறுபடி வந்தா மறுபடி சுடுவேன்.' உனக்கு வருத்தமே இல்லையாப்பான்னாங்க. என் தம்பி பேந்தப் பேந்த முழிச்சிருக்கான். ஒன்பது வருஷம் உள்ள இருந்துட்டான். வியாழக்கிழமை மறுபடி கூப்பிடுறாங்க. இந்தக் காகிதம் இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷம்.

— அது கூட்டமே சேந்து பாடுற வரி யோலண்டா.

— தெரியும். பஸ்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாடுது. எட்டு மணி நேரம் பஸ்ல போயி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனைப் பாக்குறது நான்.

— நானும்தான் போனேன்.

— ஒரு தடவை. போட்டோக்காரனைக் கூட்டிக்கிட்டு.

— குத்து, நல்லா குத்து. கற்பனைன்னு நான் எழுதிக் கொடுத்தா நாளைக்கே பேப்பர்ல வந்துடும். எதிராளுங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விடுவானுங்க. பொய்யன்னு பேர் வாங்கினவன் எவனாவது இந்தத் தெருவுல மறுபடி மைக் பிடிச்சிருக்கானா?

— நீ பிடிக்க வேணாம். நிறைய பிடிச்சுட்ட.

— சரி, மறைக்கல. ஓடெலே வேணாங்குறான்.

— என்னது?

— போன வாரம் எனக்கே நேரா கடுதாசி போட்டான். இந்தா, கேளு. "ரஷாட், எழுதிக் கொடுக்காதே. என் வரியெல்லாம் பொய்ன்னு ஆயிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்? நான் உள்ளேயே இருந்துக்குறேன்." சத்தியமா, அவன் கையால எழுதினது.

— காட்டு.

— அதான் படிச்சேனே.

— காட்டுடா! ம்... அழகான எழுத்து. நீயே எழுதினியா, உன் பாட்டுக் கம்பெனியில எழுதிக் கொடுத்தாங்களா?

— என்ன பேச்சு பேசுற நீ?

— ஓடெலுக்குத் தன் பேரைத் தவிர ஒண்ணும் எழுதத் தெரியாது ரஷாட். உன்கிட்டகூட மறைச்சான், அவ்வளவு வெக்கம்.

— அப்போ சமையல்கட்டுல உக்காந்து, கடுதாசின்னு நீ எனக்குப் படிச்சுக் காட்டினதெல்லாம்?

— பதினேழு வயசுல நான் மைக் பிடிச்சப்போ, 'இவளுக்கு ஜெயிலப் பத்தி என்ன தெரியும்'னு சிரிச்சு இறக்கிவிட்டீங்க. நீயும்தான். ஓடெல் போன்ல கேக்குறது அம்மாவோட கோழி வறுவலைப் பத்தி. கடைக்காரன் முகம் அவனுக்கு மறக்கவே இல்ல, தினமும் சொல்லி அழுவுறான். மறுபடி சுடுவேன்னு எழுதினவ நான்.