பதினாலாவது செட்

இல்லம்மா, அவர் வரலை. நான் மட்டும்தான். பல் கிளிப்போட பதினாலாவது செட்டை வாங்கிக்கச் சொல்லி என் ஃபோனுக்கு மூணு தடவை மெசேஜ் வந்துடுச்சு. அதான், வேலைக்குப் போற வழியில ஒரு எட்டு வந்துட்டுப் போகலாம்னு.

உட்காரட்டுமா? உங்க மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.

என்னை ஞாபகம் இருக்கா? நீதானே அன்னைக்கு அந்தப் பெரிய பொம்மைப் பல்லை மடியில வெச்சுக்கிட்டு என் வீட்டுக்காரருக்குப் பல்லிடுக்குல நூல் விட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லிக் குடுத்தே. ஆமா, லிஃப்ட் மெக்கானிக். அவரேதான். விரல் ஒவ்வொண்ணும் ஸ்பானர் கணக்கா தடியா இருக்கும். அதுல ரெண்டை வாய்க்குள்ள விட்டா நூலுக்கு ஏது இடம்? நீகூட சிரிச்சுட்டே.

இந்தக் கிளிப் வேணும்னு அவரா கேட்கவே இல்லம்மா. நான்தான். நான் ஃபோட்டோ ஸ்டுடியோல வேலை பாக்கறேன். நாள் பூரா வர்றவங்களை எல்லாம் சிரிங்க, சிரிங்கன்னு சொல்றவ. வீட்டுக்கு வந்தா, இந்த மனுஷனுக்கு சிரிப்பு வந்தாலே கை வாய்க்கு முன்னாடி போயிடும். முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்துச்சுல்ல, அதுல அவ்வளவு கூச்சம். எங்க கல்யாண ஆல்பத்துல ஏதோ கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரிதான் நிப்பார். இருபத்திரண்டு வருஷம் பாத்தாச்சு. வெளியே தெரியாத பிளாஸ்டிக் கிளிப் வந்திருக்காம், செட் செட்டா மாத்திக்கிட்டே வந்தா பல்லு நேராயிடுமாம், போட்டுக்கங்கன்னு நச்சரிச்சு இழுத்துட்டு வந்தேன். இந்த வயசுல எனக்கு எதுக்குடின்னார்.

நூலா? முதல் மாசம் எங்க விட்டார்? சாப்பிடுவார், ஒரு வாய் கொப்பளிப்பார், அப்படியே மாட்டிக்குவார். ஈறு வீங்கி, துலக்கினா ரத்தம். வாய் நாத்தம் வேற. நீ சொன்னியே, அந்தப் பிளாஸ்டிக்குக்குள்ள எச்சில் போய் அலசாது, துணுக்கு அங்கேயே கிடந்து பல்லைத் தின்னுடும்னு. பயந்துபோயிட்டேன். அப்புறம் நானே ஆரம்பிச்சேன். சாப்பாடு முடிஞ்சதும் ஜன்னல் ஓரமா நாற்காலியைப் போட்டு, அண்ணாந்து உட்காருங்கன்னுடுவேன். நூலை என் நடுவிரல் ரெண்டுலயும் சுத்திக்கிட்டு, ஒவ்வொரு இடுக்கா, பல்லை அணைச்சாப்ல மேலயும் கீழயும். கிளிப் பிடிப்புக்குன்னு நீங்க பல்லு மேல சின்னச் சின்னதா பொட்டு மாதிரி ஒட்டினீங்களே, அதுல போய் நூல் சிக்கும். பிஞ்சு தொங்கும். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடும். கழட்டின கிளிப்பைப் பச்சைத் தண்ணியிலதான் கழுவுவேன். ஒரு தடவை வெந்நீர்ல போட்டு, அது கோணிப்போய், டாக்டர்கிட்ட வாங்கின திட்டு மறக்குமா?

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்துல நான் பாத்ததே இல்லம்மா. கண்ணை மூடிக்குவார். இமையில ஒரு மச்சம் இருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.

ஆமாமா, பல்லு நல்லா வந்துடுச்சு. மூணு நாலு மாசத்துல வாயை மறைக்கற கை தானா கீழே இறங்கிடுச்சு. வேலை பாக்கற இடத்துல எல்லாரும் சொன்னாங்களாம். சட்டையெல்லாம் அவரே இஸ்திரி போட்டுக்க ஆரம்பிச்சார். நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லலை, நிஜமாவே சந்தோஷப்பட்டேன்.

பதிமூணாவது செட் மாத்தின அன்னைக்கு, நூல் விட்டுக்கிட்டு இருக்கேன், ஏதோ சொல்ல வந்தார். விரலைக் கடிச்சுடாதீங்க, அப்புறமா சொல்லுங்கன்னேன். நான் கடைசிப் பல்லு வரைக்கும் முடிக்கட்டும்னு இருந்தார்ம்மா. எழுந்து போய்க் கொப்பளிச்சார், புது செட்டை மாட்டினார், வந்து நின்னு சொன்னார். புதுசு மாட்டினா ரெண்டு நாளைக்கு நாக்கு குழறும்ல. எனக்குப் புரியலை. என்னங்க, திரும்பச் சொல்லுங்கன்னு நானே கேட்டேன்.

என்ன சொன்னாரா? இரும்மா, முதல்ல அந்த மெசேஜ் போற நம்பரை மாத்திடு. அதுக்குத்தான் வந்தேன். என்னோடதை அடிச்சுட்டு இந்தச் சீட்டுல இருக்கறதை எழுதிக்கோ. ஏதாவது அவசரம்னா கூப்பிடுன்னு அவர் எழுதி வெச்சுட்டுப் போனது. இல்ல, அவரோடது இல்ல. அவர் இப்ப இருக்கற வீட்டுல இருக்காங்களே, அவங்களோடது. பேரை நீயே ஃபோன் பண்ணிக் கேட்டுக்கோ, என்னைச் சொல்ல வைக்காதே.

தண்ணியெல்லாம் வேண்டாம், நல்லாத்தான் இருக்கேன். நேரமாச்சு, ஸ்டுடியோ திறக்கணும்.

ஒண்ணே ஒண்ணு. அவங்க அவரோட வந்தா சொல்லிடு. கீழ்வரிசையில, இடப்பக்கம், கடைசிக்கு முந்தின இடுக்கு ரொம்ப இறுக்கம். நேரா அமுக்கினா சடக்குன்னு இறங்கி ஈறைக் கிழிச்சுடும். மெதுவா முன்னையும் பின்னையும் அசைச்சுத்தான் இறக்கணும். வலிச்சா அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நாற்காலிக் கையைப் பிடிச்சுக்குவார், அவ்வளவுதான்.

நான் சொன்னேன்னு வேண்டாம். நீயா சொல்ற மாதிரி சொல்லிடு.