ஒரு திரைக்கு ஒரு வார்த்தை

— நான் வரலைன்னா வரலைதாங்க. உங்க மேனேஜர் வீட்டு விருந்துக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க.

— விளையாடுறியா? எல்லாரும் பொண்டாட்டியோட வருவாங்க. புது டைல்ஸ் ஷோரூமுக்கு யாரை இன்சார்ஜா போடலாம்னு இன்னிக்குத்தான் பேசப் போறாரு. நீ ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா சிரிச்சிட்டு நின்னாப் போதும்.

— இத்தனை வருஷமா அதைத்தானே செஞ்சேன். ‘மீட் மை இன்சிபிட் வைஃப்’னு நீங்க சொல்லுவீங்க, உங்க ஆபீஸ் கூட்டம் சிரிக்கும், நானும் ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பேன்.

— அட, அதுவா? இன்சிபிட்னா அமைதியானவ. அன்னிக்கே சொன்னேன்ல?

— சொன்னீங்க. இப்பவும் கூசாமச் சொல்றீங்க பாருங்க, அதுதான் பத்திக்கிட்டு எரியுது. உப்புச் சப்பில்லாதவன்னு அர்த்தம்!

— யாரு சொன்னா? எதிர் வீட்டு டீச்சரம்மாவா? அந்தம்மாவுக்கு வேற பொழப்பே இல்லை.

— யார் சொன்னா என்னங்க? பொய்யா, மெய்யா?

— ஜோக்குடி அது. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சும்மா சொல்றது. இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு.

— ஜோக்கு! போன மாசம் பாப்பா ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம். உங்களுக்கு நேரமில்லைன்னு நான் போனேன். ஒவ்வொருத்தரும் தன்னைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லணும்னாங்க. ஒருத்தி ‘கைண்ட்’னா. இன்னொருத்தி ‘பிஸி’ன்னா. எனக்குத்தான் பெரிய வார்த்தையே தெரியுமே, என் புருஷன் எனக்குன்னு குடுத்த வார்த்தை! எந்திரிச்சு, நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, ‘ஐ ஆம் இன்சிபிட்’னு சொன்னேங்க.

— ஐயையோ.

— இப்ப ஐயையோங்கிறீங்க. டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பின் பெஞ்சுல கொல்லுன்னு ஒரு சிரிப்பு. மெச்சிக்கிறாங்கன்னு நானும் சேர்ந்து சிரிச்சேன்!

— நீ அங்க போய் அதை எடுத்து விடுவேன்னு எனக்கெப்படித் தெரியும்? எத்தனையோ வார்த்தை இருக்கு...

— எனக்கு நீங்க சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதாங்க.

— சரி, தப்புதான். விடு. போய்ச் சேலையை மாத்து, நேரமாச்சு.

— விடவா? அன்னிலேருந்து காதுல இயர்போனை மாட்டிக்கிட்டுத் திரைச்சீலை தைக்கிறேனே, பாட்டுன்னா நினைச்சீங்க? வார்த்தைங்க, வார்த்தை! ஒரு திரைக்கு ஒரு வார்த்தை. ஓரம் மடிச்சுத் தைச்சு முடிக்கிறதுக்குள்ள மண்டையில ஏத்திடுவேன். நீங்க போன்ல என்னைப் பத்திப் பேசுறதெல்லாம் ஒண்ணொண்ணாப் புரிய ஆரம்பிச்சுது. ஆப்ட்யூஸ்னா மரமண்டை. வேக்குவஸ்னா மேல்மாடி காலி. கல்லிபிள்னா எதைச் சொன்னாலும் நம்புறவ. அது மட்டும் நிஜம். நம்பித் தொலைச்சேனே!

— கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— நல்லாக் கேக்கட்டும். உங்களுக்கும் ஒண்ணு தைச்சு வெச்சிருக்கேன். பூசிலானிமஸ்.

— என்னது?

— அட, தெரியாதா? உங்களுக்கா? கோழைன்னு அர்த்தம். வீட்டுல புலி, வெளியில எலி. அந்த மேனேஜர் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்கல்ல, அப்பவும் கொஞ்சம் உசரமாத் தெரியணும்னு என் தலை மேல ஏறி நிக்கிறீங்க!

— வாயை மூடுடி! என் இங்கிலீஷாலதான் இந்த வீட்டுல அடுப்பு எரியுது.

— என் தையல் மெஷினாலயும் எரியுதுங்க. அது இதுவரைக்கும் யாரையும் கேவலப்படுத்தினதில்லை.

— இப்ப என்ன, கால்ல விழணுமா? இன்னிக்கு ஒரு நாள் வா. இனிமே அந்த வார்த்தை என் வாயில வராது.

— நான் வந்தாத்தானே வரும்?

— உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும், பாப்பா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. ‘எங்கப்பா மாதிரி யாருக்கும் இங்கிலீஷ் வராது’ன்னு சொல்லிட்டுத் திரியிற பொண்ணு அவ. அவ கண்ணுல என்னைக் கீழ எறக்கிடாதே.

— எனக்கு அர்த்தம் சொன்னதே அவதாங்க. கூட்டம் முடிஞ்சு வர்ற வழியில என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, ‘இனிமே அப்பா அப்படிச் சொல்றப்ப நீ சிரிக்காதேம்மா, எனக்கு அழுகை அழுகையா வருது’ன்னா.