முதல்ல வெர்னாவுக்கு ஒட்டு

— சட்டையைக் கழட்ட மாட்டேன்னா மாட்டேன், கிர்ஸ்டன். உன் ஞானஸ்நானத்துக்கு வந்து கேக் தின்னவன் நான். உன் முன்னாடி வெறும் உடம்போட உக்காருவேனா?

— ஓர்வில், நான் ஆம்புலன்ஸ்ல வந்திருக்கேன், விருந்துக்கு இல்ல. பனி வாரும்போது நெஞ்சைப் பிடிச்சீங்கன்னு உங்க சம்சாரம்தானே போன் பண்ணாங்க?

— வெர்னாவுக்கு வேற வேலை இல்ல. ரெண்டு தட்டு முட்டைக்கோஸ் தின்னேன். வாயுப் பிடிப்பு.

— வாயுன்னு சொல்லித்தான் உங்க அண்ணன் போய்ச் சேர்ந்தாரு. வெர்னா, நீங்களாச்சும் சொல்லுங்க.

— குளிர்ல வந்திருக்க கண்ணு, முதல்ல காப்பியைக் குடி. வெளிய வண்டியில இருக்கற பையனுக்கும் ஒரு கப் ஊத்தி வச்சிருக்கேன்.

— காப்பி கிடக்கட்டும். இந்த ஈசிஜி வயரை ஒட்டுனா போதும், ஓர்வில். படம் நேரா டுலூத் பெரியாஸ்பத்திரி டாக்டருக்குப் போயிடும். அடைப்புன்னா ஹெலிகாப்டரே வரும். நீங்க எறங்கறதுக்குள்ள அங்க குழாய் விட்டு அடைப்பெடுக்க ஆளுங்க தயாரா நிப்பாங்க.

— எனக்கு ஹெலிகாப்டரா! சர்ச்சுல என்ன பேசுவாங்க? ஓர்வில் லுண்டுக்குத் தலைக்கனம்னு பேசுவாங்க. உறைஞ்ச ஏரி மேல எறக்குனா, அங்க ஐஸைத் தொளைச்சு மீன் பிடிக்கறவங்க கூடாரமெல்லாம் பறக்கும்.

— ஓர்வில், அடம் பிடிக்காத. கிர்ஸ்டன் சொல்றபடி ஒட்டிக்கோ.

— ஷாக் அடிச்சா? முதல்ல வெர்னாவுக்கு ஒட்டிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்.

— எனக்கே ஒட்டு, கிர்ஸ்டன். இந்த மனுஷன் சூப்பைக்கூட நான் குடிச்சுப் பாத்த பெறகுதான் தொடுவான்.

— சரி, படுங்க. அசையாதீங்க. அவ்வளவுதான்... நீங்களே கேட்டுக்குங்க, ஓர்வில்.

— வலிக்குதா, வெர்னா?

— வயர் வலிக்கல.

— பாத்தீங்களா? இப்ப நீங்க... இருங்க. வெர்னா, இந்த ஆஸ்பிரினை மெல்லுங்க. முழுங்காதீங்க, மெல்லுங்க. உடம்புக்கு என்ன பண்ணுது?

— பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. காலையிலேர்ந்து தாடை கடுக்குது, முதுகுல பாரம், குமட்டுது. இவன் வேற நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டானா, ஒரே வீட்டுல ரெண்டு பேரு படுத்தா உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு!

— என்ன சொல்ற, கிர்ஸ்டன்? அந்த மெஷின் கெட்டுப்போச்சா?

— மெஷின் நல்லாத்தான் இருக்கு. டுலூத்லயும் பாத்துட்டாங்க. மாரடைப்பு, வெர்னாவுக்கு. ஹெலிகாப்டர் கெளம்பிடுச்சு.

— ஐயோ, எனக்கெதுக்கு? பாவம், ஓட்டறவருக்கு வீண் சிரமம்.

— வெர்னா, நீ வாயை மூடு! கிர்ஸ்டன், நானும் கூட வர்றேன்.

— நோயாளிக்கு மட்டும்தான் இடம், ஓர்வில்.

— இந்தா, சட்டையைக் கழட்டிட்டேன். ஒட்டு. எனக்கும் எதாவது இருக்கும், நல்லாத் தேடிப் பாரு.