சூரியன்மேல் போட்ட பழி

...அந்த லெட்டரைப் படிக்காதேம்மா, இப்படிக் குடு. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கையெழுத்துப் போட்டுட்டா அது சட்டமாயிடுமா? "மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பத்தாரின் மின்சாதனங்களால்"... நடையைப் பாரு. எங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்ததுதான். லிஃப்ட்டுக்குள்ள ஒட்டுற நோட்டீஸா எழுதி எழுதி, கல்யாணமான புதுசுல எனக்கு எழுதின கடிதத்துலகூட ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டிருப்பாரு மனுஷன்.

உள்ள வரலாமா... வந்துட்டேன். நீ பாட்டுக்குப் பெட்டியைப் பிரி. நான் இந்தக் கிளாஸையெல்லாம் பேப்பர்லேருந்து எடுத்து வைக்கிறேன். பத்தொன்பது நாளாச்சே, இன்னும் பிரிக்கலையா? இல்லம்மா, குத்தம் சொல்லலை. ஆஸ்பத்திரியில நாள் பூரா நின்னுட்டு வந்து யாரால முடியும். பத்தொன்பது நாள்னு எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறியா? அவரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. நீ சாமான் இறக்கின தேதி, லாரி வந்த நேரம், எல்லாம். அன்னைக்குக் காலையிலதான் அவரு ரேடியோவுல இரைச்சல் ஆரம்பிச்சுது.

நீ மாடிப்படி ஏறும்போது எங்க வீட்டுலேருந்து கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டிருப்பியே... பூனையெல்லாம் இல்ல. அவரோட செட்டு. சினிமாப் பாட்டு வர்ற ரேடியோ இல்ல அது. லைசென்ஸு எடுத்து, பரீட்சை எழுதி, வீட்டுலேருந்தே கடல் தாண்டி இருக்கிறவங்களோட பேசுற ரேடியோ. பேசறதுன்னா வாயால இல்ல, தந்தி மாதிரி விரலால தட்டுறது. மொட்டைமாடியில ஒரு ஒயர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கட்டியிருக்கே, துணி காயப்போட்டுடாதே. நான் ஒருதடவை போர்வையைப் போட்டுட்டு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

தட்டுறதுக்கு முன்னாடி வழி திறந்திருக்கான்னு பார்க்கணுமாம். அதான் அவருக்கு உசிரு. மேல, ரொம்ப மேல, ஒரு படலம் இருக்குதாம். நாம அனுப்புறது அதுல பட்டுத் திரும்பிக் கீழ விழணும். வெயிலடிச்சா அது ஒரு மாதிரி, வெயில் போனா வேற மாதிரி. சூரியன் மேல கரும்புள்ளி நிறைய இருந்தா ரொம்ப நல்லதாம். எனக்கு ஜுரம் வந்தா தெர்மாமீட்டர் எந்த அலமாரியில இருக்குன்னு என்னையே எழுப்பிக் கேட்பாரு. சூரியனுக்கு ஒரு கொப்புளம் வந்தா ஊர்ல முதல்ல அவருக்குத்தான் தெரியும்.

தினம் காலையில ஆறு மணிக்கு உட்காருவாரு. உலகத்துல பதினெட்டு இடத்துல பதினெட்டு ஸ்டேஷன் வச்சிருக்காங்களாம், இதுக்குன்னே. ஒண்ணு மாத்தி ஒண்ணு கூவும், ஆளுக்குப் பத்து செகண்டு. முதல் கூவு பலமா, அடுத்தது மெதுவா, கடைசி ஈனஸ்வரத்துல. எது எதுவரைக்கும் கேக்குதுன்னு நோட்டுல எழுதுவாரு. மூணு நிமிஷத்துல உலகத்தையே ஒரு சுத்து வந்துடுவாரு. கீழ போய்ப் பால் வாங்கிட்டு வரச் சொன்னா முக்கால் மணி நேரம்.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், ஆறரை மணி. ஆறரைக்கு அவர் தம்பி வருவாரு. என் கொழுந்தன். எங்கேயோ நடுக்கடல்ல ஒரு தீவு, அங்க வானிலை ஆபீஸ்ல வேலை. அவரும் இதே பைத்தியம். சின்ன வயசுல ரெண்டு பேருமா சேர்ந்துதான் முதல் செட்டைக் கட்டினாங்களாம். அப்படி ஒட்டிக்கிட்டிருந்தவங்க ஆறு வருஷமா வாயால ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

சண்டைன்னு பெரிசா ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரர் வாய்தான். தம்பி கல்யாணத்துல, பந்தியில, பொண்ணு வீட்டு ஆளுங்க அத்தனை பேரையும் வச்சுக்கிட்டு, "இவன் எந்த வேலையிலயும் ஆறு மாசம் தாங்க மாட்டான், யோசிச்சுக்கோங்க"ன்னாரு. கிண்டலாத்தான் சொன்னாரு. யாரும் சிரிக்கலை. கொழுந்தன் கையைக் கழுவிட்டு எழுந்து போனவர்தான். அந்த மாசமே தீவுக்கு வேலை வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆறு மாசம் தாங்க மாட்டார்னு சொன்னவர் ஆறு வருஷமா அங்கதான் இருக்காரு. வீம்புக்குன்னே இருக்கிறாரோ என்னவோ.

நாலு வருஷம் ஒரு சேதி இல்ல. அப்புறம் ஒருநாள் காலையில இவரு ஹெட்போனைக் காதுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சிலையாட்டம் உட்கார்ந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். "அவன் தட்டுறான்"னாரு. ஆளாளுக்குத் தட்டுற கை வேறயாம், கையெழுத்து மாதிரி. அன்னைக்கு ஆரம்பிச்சது, ரெண்டு வருஷமா தினம் ஆறரைக்கு நாலு நிமிஷம். என்ன பேசிப்பாங்கன்னு நினைக்கிறே? உன் சிக்னல் இவ்வளவு, என் சிக்னல் இவ்வளவு. சூரியன் இன்னைக்குப் பரவாயில்லை. காத்து தெற்கே. வணக்கம். அவ்வளவுதான். கொழுந்தனுக்குப் பொண்ணு பொறந்து ஒன்றரை வருஷமாகுது, தம்பிகிட்டேருந்து இவருக்கு ஒரு வார்த்தை வரலை. எனக்கு என் ஓரகத்தி போட்டோ அனுப்பினா. நான் இவருக்குக் காட்டினேன். பார்த்துட்டு, "அங்க வெளிச்சம் நல்லா இருக்கு"ன்னாரு. போட்டோவுல வெளிச்சத்தைப் பார்த்திருக்காரு மனுஷன்.

இந்தக் கிளாஸ்ல லேசா விரிசல் இருக்கும்மா, தனியா வைக்கிறேன்.

இப்படி ஓடிக்கிட்டிருந்ததா, பத்தொன்பது நாளைக்கு முன்னாடி, ஆறு மணிக்கு உட்கார்ந்தாரு, செட்டுல ஒரே கொர்ர்ர்... மிக்ஸிக்குள்ள தலையை விட்ட மாதிரி. பதினெட்டு ஸ்டேஷன்ல ஒண்ணுகூடக் கேக்கலை. ஆறரைக்குத் தம்பியும் கேக்கலை. சூரியன்ல புயல்னாரு. மறுநாளும் புயல். மூணு நாள் சூரியனை அப்படித் திட்டினாரு, அது மட்டும் நம்ம பில்டிங்ல குடியிருந்தா சங்கத்துலேருந்து லெட்டர் போயிருக்கும். நாலாம் நாள் மத்த ஊர் ரேடியோக்காரங்ககிட்ட விசாரிச்சாரு. இந்த மாதிரி காலையே வந்ததில்லை, அருமையாக் கேக்குதுன்னு சொல்லிட்டாங்க. அப்போ சூரியன் இல்ல. பக்கத்துல ஏதோ மின்சாரச் சாமான்.

அதுலேருந்து இவரு துப்பறிய ஆரம்பிச்சாரு. ஒரு சின்ன டிரான்ஸிஸ்டர், அதுல ஒயர் சுத்தின ஒரு வளையம். அதைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா சுவரைத் தடவிக்கிட்டு நடப்பாரு. கீழ்வீட்டு வாத்தியார், ஏதோ வேண்டுதல் போலன்னு நினைச்சு ஒதுங்கி வழிவிட்டாரு. விசேஷம் என்னன்னா, இவரு வளையத்தோட கிளம்பினா இரைச்சல் நின்னுடும். அலுத்துப்போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல கொர்ர்ர். எங்க வீட்டு மெயின் ஸ்விட்ச்சை இறக்கிப் பார்க்கலாம்னு போனாரு, இறக்குறதுக்கு முன்னாடியே இரைச்சல் நின்னுடுச்சு. "யாரோ வேணும்னே பண்றாங்க, புத்திசாலி ஆளு"ன்னாரு. தேதியைப் பார்த்தாரு, நீ வந்த நாள். முடிவு பண்ணிட்டாரு.

இன்னைக்குப் பத்து மணிக்கு வளையத்தோட உன் வீட்டுக்கு வர்றதா இருக்காரு. அதான் நான் முன்னாடியே ஓடி வந்தேன்.

டீ வேண்டாம்மா. சரி, வச்சுட்டேன்னா குடு.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் புத்திசாலி ஆளு நான்தான்.

நான் துணி ஆல்டர் பண்றேன்ல, எட்டு மணிக்குக் கடைப்பையன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான், அதனால அஞ்சரைக்கே மிஷின்ல உட்காருவேன். கண்ணு சரியா தெரியலைன்னு மிஷினுக்கு மேல மாட்டுற மாதிரி ஒரு விளக்கு வாங்கினேன். அதோட அடாப்டர் மலிவுச் சரக்கு. நீ சாமான் இறக்கினியே, அதே நாள்தான் மாட்டினேன். எனக்கும் முதல் மூணு நாள் தெரியாது. நாலாம் நாள் பாபின் நூல் சிக்கிச்சுன்னு விளக்கை அணைச்சேன், அந்த ரூம்ல ரேடியோ கப்புனு அடங்கிச்சு. போட்டேன், கத்திச்சு. அணைச்சேன், அடங்கிச்சு. அட கடவுளே, சூரியன் பாவம்னு, சொல்லலாம்னு எழுந்துட்டேன். எழுந்தேம்மா, சத்தியமா.

அப்போ போன் அடிச்சுது. ஓரகத்தி. அழுதுக்கிட்டே பேசினா. கொழுந்தனுக்கு இடது காது ஒரு வருஷமா மங்கிக்கிட்டே வருதாம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்களாம், தேதி குறிச்சாச்சாம். பண்ணினாலும் பாதிக்குப் பாதிதான்னாங்களாம். "அண்ணன்கிட்ட சொல்லாதே, அதையும் நாலு பேர் நடுவுல கிண்டல் பண்ணுவார்"னு இவகிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. இங்க இவரு என்னடான்னா, "தம்பி கவனமே இல்ல, எதையும் ரெண்டு தடவை தட்டச் சொல்றான்"னு ஒரு வருஷமா அலுத்துக்கிட்டிருக்காரு.

போனை வச்சுட்டு நின்னு யோசிச்சேன். இரைச்சலை நிறுத்தினா என்ன ஆகும்? நாளைக்கு ஆறரைக்கு, உன் சிக்னல் இவ்வளவு, என் சிக்னல் இவ்வளவு, காத்து தெற்கே. காது போற அன்னைக்கும் காத்து தெற்கேதான் இருக்கும். அந்த நாலு நிமிஷம் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் வேற எதுவும் பேச வேண்டாம், அதுவே போதும். அது கிடைக்காமப் போனாத்தான் யாராவது போனை எடுப்பாங்க. அதனால... போய் விளக்கைப் போட்டேன். இவரு வளையத்தை எடுத்தா அணைப்பேன், வச்சா போடுவேன். வெயில் நல்லா ஏறின பிறகும் விளக்கு போட்டுத் தைச்சது உலகத்துலயே நான் ஒருத்திதான்.

தப்புதான்மா. அப்படிப் பார்க்காதே, எனக்கே தெரியும். பன்னிரண்டாம் நாள் ஓரகத்தி மறுபடி கூப்பிட்டா. அங்க கொழுந்தனுக்கு இவரு தட்டுறது மெல்லிசாக் கேக்குது. பதில் தட்டுறாரு, இவரு மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. தன் காது போனதுல தான் தப்புத்தப்பா தட்டுறோம், அண்ணனுக்குப் புரியலைன்னு கொழுந்தன் நினைச்சுக்கிட்டாராம். தந்தி தட்டுற சாவியையே தொட மாட்டேங்கிறார்னு சொன்னா. அன்னைக்கு மிஷின்ல உட்கார்ந்து ஒரு தையல்கூட நேராப் போகலை. ஸ்விட்ச்சு மேல கையை வச்சு எத்தனை தடவை எடுத்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

நேத்துக் காலையில இவரு ஆறரை வரைக்கும் உட்கார்ந்தாரு. ஏழு வரைக்கும் உட்கார்ந்தாரு. ஹெட்போனைக் கழட்டி வச்சாரு. வேலைக்குக் கிளம்பற சட்டையைப் போட்டாரு, திரும்பக் கழட்டினாரு. என்கிட்ட வந்து, "அவன் நம்பர் உன்கிட்ட இருக்கும்ல"ன்னாரு. என் முகத்தைப் பார்க்காம, ஜன்னலைப் பார்த்துக் கேட்டாரு. நம்பரைப் போட்டுக் கையில குடுத்துட்டு நான் அடுக்களைக்குள்ள போயிட்டேன். காது என்னவோ அவர்கிட்டதான் இருந்துச்சு.

"டேய், நல்லா இருக்கியா?"ன்னாரு. ஆறு வருஷத்துல முதல் கேள்வி.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்னு ஓரகத்தி அப்புறம் சொன்னா. "சத்தமாப் பேசுண்ணே, எனக்கு ஒரு பக்கம் கேக்கலை"ன்னாராம்.

 நான் அடுக்களையிலேருந்து எட்டிப் பார்த்தேன். போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் கத்த ஆரம்பிச்சாரு. எத்தனை நாளாடா, எந்த டாக்டரு, எங்கிட்ட ஏண்டா சொல்லலைன்னு. ஆமா, நேத்து நீ கேட்டது அதுதான். ரெண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். சண்டை இல்லம்மா, பாசம். எங்க வீட்டுல ரெண்டும் ஒரே சத்தம்.

அந்தப் பந்திப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டாரு தெரியுமா? "அன்னைக்கு நான் சொன்னது தப்பு"ன்னு ஒரே ஒரு வாக்கியம். நம்பர் போடாம சொன்னாரு. கொழுந்தன் காதுல விழலை போல. மறுபடி சொல்லச் சொன்னாராம். இன்னும் சத்தமா, ஊருக்கே கேக்குற மாதிரி சொல்ல வேண்டியதாப்போச்சு.

அன்னைக்கும் ஊரே கேட்டுதே. சரியாப்போச்சு.

அதோட விளக்கைக் கழட்டிட்டேன். இதோ பாரு, மடியிலதான் வச்சிருக்கேன், அடாப்டரு. இப்போ விஷயம் என்னன்னா... இவருக்கு ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிச்சாத்தான் நிம்மதி. பத்து மணிக்கு வரும்போது, இதை அந்த மூலையில சொருகி வச்சேன்னு வையி, அஞ்சே நிமிஷம்... நீ ஒண்ணும் பேச வேண்டாம். புதுசா குடிவந்த பொண்ணு, உனக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு நானே சமாளிச்சுடுவேன். உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, சந்தோஷமா வேற ஒண்ணு வாங்கிக்கூடக் குடுப்பாரு...

ஏம்மா சிரிக்கிறே? இல்ல, சிரிக்கலையா.

சரி, தப்பு. ஏற்கெனவே உன் பேருக்கு ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தாச்சு, இப்போ அதை உண்மையாக்கப் பார்க்கிறேன். குடு, அதை மடியிலயே வச்சுக்கிறேன்.

இரு... படியில அவர்தான். செருப்பு சத்தம் தெரியும் எனக்கு. வளையத்தைக் கையில வச்சுக்கிட்டுப் போன்ல பேசிக்கிட்டு வர்றாரு, கேக்குதா? "லீவு எழுதிக் குடுத்துட்டேன்டா, ஆபரேஷனுக்கு முந்தின நாளே வந்துடறேன், நீ தனியாப் படுக்கக் கூடாது." ...உன் கதவைத் தாண்டிப் போறாரு பாரு. தட்டவே இல்ல. வந்த வேலையை மறந்துட்டாரு.

நான் வரேம்மா. அவரு போனை வச்சதும் இந்த அடாப்டரைக் கையில குடுத்துச் சொல்லிடறேன். சங்கத்துக்கு மறுப்பு லெட்டரும் அவரையே எழுத வைக்கிறேன். நீ கதவைச் சாத்திட்டு வேலையைப் பாரு. கொஞ்ச நேரம் பெரிசா சத்தம் வரும், அதுக்கப்புறம் ரொம்ப நேரம் சத்தமே வராது. அந்த ரெண்டாவது நேரத்துல மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து எட்டிப் பாரும்மா, சர்க்கரை கேட்டுட்டு வர்ற மாதிரி.