நாற்பத்தோராம் படி

எனக்கு அறுபத்திரண்டு வயது ஆகிறது, ஐயா. படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்காது. முப்பது வருடமாக அந்தக் கோட்டைக் கோபுரத்துக்கு நான்தான் கொத்தனார்.

அங்கே எழுபத்திரண்டு சுழல் படிகள். நாற்பத்தோராவது மட்டும் நாலு விரல் உயரம் கூடுதல். கட்டினவனின் கைப்பிசகு என்று நினைக்காதீர்கள். ஓடி வருகிற எதிரி தடுமாறி விழட்டும் என்றே வைத்தது. உள்ளே இருப்பவன் காலுக்கு அது பழக்கம்.

கோபுரத்தை ஓட்டலாக மாற்றினார்கள். மேனேஜராக வந்தவர் என் தங்கை புருஷன். வேலையாட்கள் எல்லாரும் நிற்கும்போது, "என்ன மச்சான், முப்பது வருஷமா ஒரு கோணல் படியைச் சரி பண்ணத் துப்பில்லையா?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் உளியாலேயே செதுக்கச் சொன்னார். செதுக்கினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு பழைய உயரத்துக்கே கல் வைத்துப் பூசிவிட்டேன். ஒட்டுப் போட்ட இடமே தெரியாது. அதைத் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுத்ததைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். ஆள் விழ வேண்டும் என்று நினைப்பவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பானா? சமையல்காரர், சர்வர்கள், பெருக்கும் அம்மா என்று பதினோரு பேரையும் கூட்டிப்போய், "இந்த இடத்துல பாத்துக் காலை வைங்க" என்று காட்டினேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. "மேனேஜருக்குத் தெரியுமா?" என்று பெருக்கும் அம்மா கேட்டார். அவர் சொல்லித்தான் வைத்தேன் என்றேன்.

மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவருக்கு நான் என்ன சொல்வது? அவர் லிஃப்டில்தான் போவார், வருவார். திறப்பு விழா அன்று காலை அவர் மேலே போனதும் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். பிறகு போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, தங்கச்சி வந்த இடத்துல மயங்கி விழுந்துட்டா. சீக்கிரம் கீழே வாங்க."

ஓடி வந்தார். பெண்டாட்டி என்றால் அவருக்கு அவ்வளவு உயிர். கீழே வந்து சேர்ந்தபோது மூச்சு இல்லை.

நேற்று தங்கை இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு என்னண்ணே, எதிரியா?"

நான் நிதானமாகத்தான் பதில் சொன்னேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"எதிரி இல்லேன்னா ஏம்மா விழுந்தாரு?"